மூண்டாவது வரி

சிவப்புத் தொப்பி போட்ட மிலிட்டரிப் பொலிஸ்காரன் என்ர தேத்தண்ணிக் கடை வாசலில நிண்டு ஆணி அடிக்கிறதுக்கு இடம் பார்த்தவன். இன்னொரு சண்டை நடந்தால், படைக்காரர் உள்ளுக்குப் போகக்கூடாதெண்டு பலகை அடிப்பானாம். அடிச்சால் கடை முடிஞ்சுது, நானும் முடிஞ்சன். ஜப்பான்காரன் குண்டு போட்ட அண்டு திருகோணமலையே ஓடேக்க, நான் ஓடாமல் நிண்டு நடத்தின கடை இது. ஓடினது என்ர மனிசன் சோமசேகரம். தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற பெரிய பித்தளைக் கேத்திலையும் தூக்கிக்கொண்டு ஓடினவர், ரெண்டு வருசமாப் புல்மோட்டையில ஒரு கருவாட்டுக்காரியோட இருக்கிறாராம். கிராமபோன் பெட்டி பாரமெண்டு விட்டிட்டுப் போட்டார்.

அந்தப் பெட்டியாலதான் வில்லங்கம். அமெரிக்கன் கப்பலில சமைக்கிற ரெண்டு கறுத்தப் பெடியள், லூதரும் வெஸ்லியும், பின்னேரத்தில வருவினம். லூதர் அமெரிக்காவில ஒரு பெரிய ஆத்தங்கரைப் பருத்திக்காட்டில பிறந்தவன். வெஸ்லி டெக்சஸ். ப்ளூஸ் எண்டு அவங்கட சனம் பாடுற பாட்டு றெக்கோட்டை ஆளுக்கொண்டாத் துணியில சுத்திக்கொண்டு வருவினம். லூதற்ர றெக்கோட்டில ஒருத்தன் போத்தில் கழுத்தைக் கிற்றார்க் கம்பியில தேய்ச்சு, காலால தரையில தட்டி, நெஞ்சுக்குள்ளயிருந்து உறுமுவான். வெஸ்லியின்ர ஆள் கம்பியளை ஒவ்வொண்டாக் கிள்ளி ஓடவிட்டு, மேல்குரலில இழுப்பான். எது சரியான ப்ளூஸ் எண்டு ஒவ்வொரு நாளும் வாய்ச்சண்டை. துறைமுகத்தில வேலை செய்யிற அன்ஸார்தான் எனக்கு அதைத் தமிழில சொல்லுறவர். டெக்சஸ்காரன் கிற்றாருக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறானாம், இது லூதர். ஆத்தங்கரையான் மாட்டுக்கு லாடம் அடிக்கிறானாம், இது வெஸ்லி. மூதூர்த் தயிரோ கிண்ணியாத் தயிரோ திறமெண்டு அன்ஸாரும் மச்சானும் சண்டைபிடிக்கிறதும் இப்பிடித்தான்.

அண்டைக்குச் சண்டை முத்தி, வெஸ்லி கதிரையைத் தூக்கிட்டான். அவங்கட கவனத்தைத் திருப்புவமெண்டு லூதற்ர றெக்கோட்டைப் போட்டன். பாட்டுக்காரன் ஒரு வரி பாடினான். பிறகும் அதே வரி. அட சனியனே, ஊசி சிக்கீட்டுது எண்டு விரலால தள்ளிவிட்டன். புதுசா ஒரு வரி வந்துது. திரும்பவும் அதே வரி. திரும்பவும் தள்ளினன்.

ரெண்டு பேரும் என்னில பாஞ்சினம். வெஸ்லி கதிரையைக் கீழ வைச்சிட்டுக் கத்தினான். ஊசி சிக்கேல்லையாம். ப்ளூஸில முதல் வரியை ரெண்டு தரம் பாடிப்போட்டு மூண்டாவது வரியில மறுமொழி சொல்லுறதாம். எந்த ஊரெண்டாலும் அப்பிடித்தானாம். அதில மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே வாய்.

அந்தச் சத்தத்துக்குத் தொப்பிக்காரன் பலகையோட வந்திட்டான். சண்டையோ எண்டு கேட்டான். இல்லை, எனக்குப் பாட்டுப் பழக்கினம் எண்டு அன்ஸாரைச் சொல்லச் சொன்னன். அப்ப பாடிக் காட்டட்டாம்.

எனக்கு இங்கிலீசு எங்க தெரியும்? தெரிஞ்சது ஒப்பாரி. வாயைத் திறந்தன்.

"குண்டு விழமுன்னம் குதிக்கால் தெறிக்க ஓடினியே,
குண்டு விழமுன்னம் குதிக்கால் தெறிக்க ஓடினியே,
கேத்திலை நினைச்ச நீ என்னை நினைக்கேல்லையே, என்ர ராசா."

பகிடிக்குத்தான் தொடங்கினனான். மூண்டாவது வரியில கண்ணீர் பொலபொலவெண்டு கொட்டிப்போட்டுது. ரெண்டு வருசமா அந்த மனிசனுக்காக ஒரு சொட்டும் விடாதவள் நான். வெட்கமாக் கிடந்தது. ஆர் செத்தது எண்டு லூதர் மெல்லக் கேட்டான். ஒருத்தரும் சாகேல்லை, புருசன் விட்டிட்டு ஓடினது எண்டு அன்ஸார் சொல்ல, ரெண்டு பேரும் ஆளையாள் பார்த்தினம்.

"இதுதான் சரியான ப்ளூஸ்," எண்டான் வெஸ்லி. லூதரும் ஓமெண்டு தலையாட்டினான். தொப்பிக்காரன் பலகையைக் கக்கத்துக்குள்ள இடுக்கிக்கொண்டு போயிட்டான்.

உயிரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைச்சால் அவன் செத்த ஆள்தான் எண்டு எங்கட சனம் பயப்பிடும். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்த லொறிக்காரன் ஒருத்தன் விசயத்தைப் புல்மோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திட்டான். நாலு நாள் கழிச்சு, லூதரும் வெஸ்லியும் இருக்கேக்க, சோமசேகரம் கேத்திலோட வாசலில வந்து நிண்டார். பெண்சாதி ஒப்பாரி வைச்ச ஆளை வீட்டில வைச்சிருக்க ஏலாதெண்டு கருவாட்டுக்காரி கலைச்சுப்போட்டாளாம்.

"நான் உயிரோடதான் இருக்கிறன், பாக்கியம்," எண்டார்.

நான் அவற்ர கையில கிடந்த கேத்திலைப் பார்த்தன்.

"நான் உயிரோடதான் இருக்கிறன், பாக்கியம்."

லூதரும் வெஸ்லியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தினம். மூண்டாவது வரி என்ரதெல்லோ.

"கேத்திலை வைச்சிட்டுப் போங்கோ," எண்டன்.