சாம்பிராணி குடித்த பெட்டி

நர்சுகளுக்கு ஆதரவு தரும் திட்டம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஊதா நிற டீ-சர்ட்டாக வந்து சேர்ந்தது. நிர்வாக மேலாளர் ஸ்ரீராம் அட்டைப் பெட்டியை என் மேசைமேல் வைத்து, ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். முதுகுப் பக்கம் ‘உங்களுக்காக நாங்கள்’ என்று எழுதியிருந்தது. அதன்கீழே அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றின் சின்னம், எழுத்தைவிடப் பெரிதாக.

“வரலட்சுமி மேடம், பிப்ரவரி நாலு புற்றுநோய் நாள். கம்பெனில இருந்து பதினோரு மணிக்கு வர்றாங்க. முதல்ல சிரிப்புப் பயிற்சி, அப்புறம் கேக், அப்புறம் போட்டோ. எல்லாரும் இதைப் போட்டுக்கணும்.”

“சார், கையுறை கேட்டிருந்தேனே. கீமோவுக்குன்னு வர்ற தடிமனான கையுறை.”

“அது பர்ச்சேஸ். இது சப்போர்ட். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.”

டீ-சர்ட்டில் சாய வாடை அடித்தது. அதை மடித்து மறுபடி பெட்டியிலேயே வைத்தேன்.

நசரத்பேட்டைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியது எங்கள் கட்டடம். நகரத்துக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கிளை. மாடியில் கீமோ வார்டு, பன்னிரண்டு நாற்காலிகள். காலையில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வார்டுக்கு நான் பொறுப்பு நர்ஸ். மருந்தைக் குப்பியிலிருந்து எடுத்து, அளந்து, சலைன் பையில் கலக்கத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்தான். ஒருத்தி நான், இன்னொருத்தி கார்த்திகா.

கலப்பதற்கென்று தனி அறை உண்டு. அதில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. ஹூட் என்போம். உள்ளே ஓடும் விசிறி காற்றை இழுத்து வடிகட்டி வழியாக மேலே அனுப்பும். குப்பியில் ஊசி குத்தும்போது தெறிக்கிற தூறல் எங்கள் மூக்குக்கு வராமல் அது இழுத்துக்கொள்ளும். வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் மருந்தில் விழாமலும் பார்த்துக்கொள்ளும்.

போன ஆயுத பூசைக்கு அந்தப் பெட்டிக்கும் பொட்டு வைத்தோம். எக்ஸ்ரே மெஷினுக்கு வைத்தார்கள், ஆம்புலன்சுக்கு வைத்தார்கள், இதற்கு மட்டும் எதற்குக் குறை என்று நான்தான் சொன்னேன். எலக்ட்ரீஷியன் டில்லிபாபு மாலை வாங்கி வந்தான். சாம்பிராணித் தட்டை ஏந்தியவளும் நான்தான். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காட்டிய புகையை அப்படியே சுருட்டி உள்ளே இழுத்தது. “பாருங்கடி, சாமி குடிக்கிற மாதிரி குடிக்குது!” என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் கைதட்டினோம். அது குடிக்கிற அழகைப் பார்ப்பதற்காகவே இன்னும் இரண்டு கை சாம்பிராணி போட்டேன். பத்து நிமிடம்.

மறுநாள் காலை விசிறியைப் போட்டதும் பெட்டி கத்தத் தொடங்கியது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் அப்படிக் கத்தும். மூன்று நாள் கத்தியது. நான்காம் நாள் டில்லிபாபு ஸ்குரூ டிரைவரும் கையுமாக வந்தான்.

“கத்திகினே கீதுன்னு சார் சொன்னாரு, சிஸ்டர். ஒயரைக் கட் பண்ணிட்டேன். இனிமே பூனை மாரி இருக்கும்.”

“வடிகட்டி மாத்த வேணாமா?”

“அது மேல கேட்டுகினு கீறாங்களாம்.”

அக்டோபர் 6, நவம்பர் 11, டிசம்பர் 19 ஆகிய தேதிகளில் மூன்று கடிதங்கள் எழுதி ஸ்ரீராமிடம் கொடுத்தேன். மூன்றின் நகலும் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்ற முத்திரையோடு என்னிடம் திரும்பி வந்தன. இதற்கிடையில் ஜன்னலைத் திறந்து வைத்து, இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, நாங்கள் கலந்துகொண்டுதான் இருந்தோம். மத்தியானம் தயிர்சாதத்தை வாயில் வைத்தால் பழைய பித்தளைக் கரண்டியை நக்கியதுபோல் இருக்கும். சாப்பாடு இறங்காது. டப்பாவை மூடி வைத்துவிட்டு, கலக்கப் போய்விடுவேன். அந்தச் சுவையை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. சுவை தெரிந்தும் நிறுத்தாமல் போனதை நினைத்தால் இன்னும் அதிகமாகக் குமட்டுகிறது.

ஜனவரிக் கடைசியில் ஒருநாள், சாமான் அறையில் வைத்து, கார்த்திகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண் அவள். கணவன் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கல்யாணமாகி நாலு வருடம். ஒன்று உண்டாகிக் கலைந்திருந்தது.

“சிஸ்டர், ஒன்பது வாரம் ஆகுது. முந்தாநேத்துதான் உறுதி பண்ணாங்க. ஆபீஸ்ல யாருக்கும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். போன வருஷம் மாசமா இருக்கேன்னு சொன்ன அக்காவை என்ன பண்ணாங்கன்னு தெரியும்ல? தானா வேலைய விட்டுப் போறேன்னு எழுதி வாங்கிட்டுத்தான் அனுப்பினாங்க.”

“இனிமே நீ அந்த ரூம் பக்கமே வராத. எல்லாம் நான் கலக்குறேன்.”

“தனியாவா? பன்னெண்டு பேருக்குமா?”

“கலக்குவேன்.”

ஐந்து நாள் அப்படியே கலந்தேன். ஆறாம் நாள், அதாவது விழாவுக்கு முந்தின நாள், ஸ்ரீராம் மறுபடி வந்தார். கார்த்திகாவுக்குக் களையான முகமாம். ஹூடின் முன்னால் அவள் மருந்து கலப்பதுபோல் போட்டோ வேண்டுமாம்.

“நான் நிக்கிறேனே சார்.”

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம், கொஞ்சம் யங்கா இருந்தா நல்லா இருக்கும். சும்மா தண்ணி வேணாம், நெஜ மருந்தையே கலக்கட்டும். வர்றவங்கள்ல ஒரு டாக்டரும் இருக்காரு, கண்டுபிடிச்சிடுவார்.”

அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன். விஷயம் தெரிந்தால் எந்த மனிதனும் விட்டுவிடுவான் என்று நினைத்து, “சார், அந்தப் பொண்ணு முழுகாம இருக்கா” என்று சொல்லிவிட்டேன்.

ஸ்ரீராமின் முகத்தில் உண்மையாகவே மகிழ்ச்சி தெரிந்தது. “அட, நல்ல விஷயமாச்சே!” என்றார். அடுத்த மூச்சிலேயே, “அப்ப ரெஸ்ட் எடுக்கட்டும். சொந்த விருப்பத்துல வேலைய விட்டு நிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும். நீங்கதான் லெட்டர் நல்லா எழுதுவீங்களே மேடம், அவங்களுக்காக நீங்களே எழுதிடுங்க. நாளைக்கு போட்டோ முடிஞ்சதும் கையெழுத்து வாங்கிக்கலாம்” என்றார்.

“போட்டோ முடிஞ்சதுமா?”

“ஒரு பத்து நிமிஷம்தானே மேடம்.”

அவர் நின்ற இடத்தில் வாசனைத் திரவியம் மணந்தது. அந்த மணத்தை உள்ளே விடப் பிடிக்காமல் அவர் போகும்வரை மூச்சை அடக்கி நின்றேன்.

கதவுக்குப் பின்னால் கார்த்திகா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “சொல்லிட்டீங்கள்ல” என்று மட்டும் சொன்னாள்.

நான்காம் தேதி காலை ஏழரைக்குப் போய், கலக்கும் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டேன். கதவில் ஒரு தாள் ஒட்டினேன். ‘ஹூட் பழுது. அக்டோபர் முதல். இன்று இங்கே மருந்து கலக்கப்படாது. வரலட்சுமி, பொறுப்பு நர்ஸ்.’ பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கதவின் முன்னாலேயே உட்கார்ந்தேன். எட்டரைக்குள் பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

முதலில் எழுந்தவர் எத்திராஜ். கரையான்சாவடியில் நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது சொந்தமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். குடலில் புற்றுநோய். ஆறு தடவை ஏற்ற வேண்டியதில் அன்றைக்கு நான்காவது.

“இன்னா சிஸ்டர், ரூமைப் பூட்டிகினு வாட்ச்மேன் மாரி குந்திகினு கீறீங்க? ஊட்ல ஆறு மணிக்கே கெளம்பி வந்துகீறோம்.”

தாளில் எழுதியதை வாயாலும் சொன்னேன். பெட்டி இழுப்பதில்லை, கலக்குகிறவர்களின் மூச்சுக்குள் மருந்து போகிறது, அதனால் கலக்க மாட்டேன் என்றேன்.

எத்திராஜ் கதவிலிருந்த தாளைப் படித்தார். “அக்டோபர்ல இருந்தா?”

“ஆமா.”

“நான் மொத ஊசிக்கு வந்தது டிசம்பர். அப்ப எனுக்கு ஏத்துனது மூணும் இந்தக் கெட்டுப்போன பெட்டில கலக்குனதா?”

இந்தக் கேள்வி வருமென்று நான் நினைத்திருக்கவில்லை. எங்கள் மூச்சைப் பற்றி மூன்று கடிதம் எழுதியவள், அவர்கள் நரம்பில் ஏறுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

“ஆமா” என்றேன்.

அவர் மனைவி கன்னியம்மாள் எழுந்து வந்தாள். “இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்தீங்க அத்தினி பேரும்? இவுரு ஜொரம் வந்து பத்து நாளு படுத்துகினு இருந்தாரே, அது எதுனாலன்னு எனுக்கு யாரு சொல்லுவா?”

எனக்கும் தெரியாது. மருந்தினாலேயே காய்ச்சல் வரும், அழுக்கினாலும் வரும். தெரியாது என்பதையும் சொன்னேன்.

“தெரியாதாம்! கேட்டுக்கோ” என்று அவள் வார்டு முழுவதற்கும் சொன்னாள்.

“அந்தம்மாவ உடு கன்னிம்மா” என்றார் எத்திராஜ். “அதுனா வாயைத் தொறந்துது. அந்த சென்ட்டுக்காரன இட்டுகினு வா.”

ஸ்ரீராம் ஊதா டீ-சர்ட்டில், கையில் பலூன் பொட்டலத்துடன் வந்தார். பன்னிரண்டு நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தலைமுடி உதிர்ந்த ஒரு அம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு படிக்கட்டை மறித்து நின்றாள்.

“நைனா, மருந்த எங்கனா போயி கொண்டாந்துருவியோ, இன்னா பண்ணுவியோ தெரியாது” என்றார் எத்திராஜ். “பதினோரு மணிக்கு உன் விருந்தாளி வரச்சொல்ல நாங்க அல்லாரும் இங்கயே கீறோம். சிரிப்புப் பயிற்சிதான? நாங்களும் சிரிக்கிறோம்.”

ஸ்ரீராம் என்னைப் பார்த்தார். நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் ஜன்னலோரம் போய் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். பேசியது மூன்று நிமிடம்கூட இராது.

பத்து நாற்பதுக்கு வேன் வந்தது. குளிர்பெட்டியில் கலந்து வைத்த மருந்துப் பைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் பெயர், அளவு, கலந்த நேரம். நான் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது, “இவ்வளவு சீக்கிரம் எப்படிப்பா?” என்று டிரைவரைக் கேட்டேன்.

“அங்க பெரிய ஹூட் நாலு ஓடுது, சிஸ்டர். ஸ்ரீபெரும்புதூர் கிளைக்குத் தெனமும் நான்தான் எடுத்துகினு போறேன். ரெண்டு வருசமா இந்த வாசல் வழியாத்தான் போறேன், வர்றேன். நீங்க வேணும்னு கேக்கவே இல்லைன்னாங்களே?”

நான் ஸ்ரீராமைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் பலூனைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என் கடிதம் மூணும் எங்க சார் போச்சு?”

“ஃபைல்ல இருக்கு மேடம். மேல அனுப்பினா நம்ம கிளைக்குத்தானே கெட்ட பேர்? நான் என்ன கெட்டவனா? உங்க எல்லாரோட பேரையும் காப்பாத்தத்தான்…”

மேற்கொண்டு கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது. பாதியில் திரும்பிவிட்டேன்.

விழா நடந்தது. கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஸ்ரீராம் மைக்கைப் பிடித்து, நர்சுகளின் பாதுகாப்பைக் கருதி இன்று முதல் மருந்து கலந்தே வரும், இது ஆதரவுத் திட்டத்தின் முதல் பரிசு என்று அறிவித்தார். கைதட்டினார்கள். குளிர்பெட்டியைச் சுற்றி எங்களை நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். என் பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். என் உதடு ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை.

கேக் வெட்டும்போது ஸ்ரீராம் தானே அடித்துக்கொண்டு வந்த தாளைக் கார்த்திகாவிடம் நீட்டினார். குரலைத் தாழ்த்தி, “ஒரு கையெழுத்து மட்டும்மா” என்றார்.

கார்த்திகா குரலைத் தாழ்த்தவில்லை. “எதுக்கு சார்? கலக்குற வேலையே இனிமே இங்க கிடையாதுன்னு இப்பதான மைக்ல சொன்னீங்க? அப்புறம் நான் எதுக்கு வேலைய விட்டு நிக்கணும்? மாசமா இருக்கேன், ஆறு மாச லீவு எனக்கு உண்டு. அப்ப லெட்டர் குடுக்கிறேன்.”

கம்பெனி அம்மாள் ஒருவர் தட்டோடு திரும்பிப் பார்த்தார். “கன்கிராட்ஸ்மா!” என்றார். ஸ்ரீராம் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “ஆமாமா, நல்ல விஷயம், நல்ல விஷயம்” என்றார். அவர் விரலில் கேக் கிரீம் ஒட்டியிருந்தது. அதையும் நக்கிக்கொண்டார்.

பையை மாட்டுமுன் இரண்டு நர்சுகள் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். ஒருத்தி படிக்க, இன்னொருத்தி நோயாளியின் ஃபைலோடு ஒப்பிட வேண்டும். எத்திராஜின் நாற்காலியருகே கார்த்திகாவும் நானும் நின்றோம். பெயர், மருந்து, அளவு என்று அவள் படித்தாள். நான் சரி, சரி என்றேன். கன்னியம்மாள் எங்கள் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு இறங்கத் தொடங்கியதும் கார்த்திகா கையுறையைக் கழற்றினாள்.

“சிஸ்டர்.”

“சொல்லு.”

“நான் உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பெட்டில கலந்துட்டேதான இருந்தேன். அது?”

ஒன்பது வாரத்தை மனதுக்குள் பின்னோக்கி எண்ணினேன். டிசம்பர். என் மூன்றாவது கடிதம் எழுதிய மாதம். அன்றைக்கே பூட்டியிருக்கலாம், சாவி அன்றைக்கும் என்னிடம்தான் இருந்தது.

“ஸ்கேன் எப்போ?” என்று கேட்டேன்.

“பன்னெண்டாந்தேதி.”

“நானும் வர்றேன்.”

அவள் அடுத்த பையை எடுத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போய், “வாங்க, படிக்கணும்” என்றாள்.