பிடிக்கல

செத்தவங்களைத் திட்டக்கூடாதுன்னு சொல்றாங்க. நான் திட்டுவேன். காலையில ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கினதும், சுவத்துல ஆணியில தொங்குற ரெண்டு பிரேக் டிஸ்க்கையும் பார்த்து, "ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குறைஞ்சா போயிருப்பே"ன்னுதான் என் நாளே ஆரம்பிக்கும். என்னைவிட மூத்தவன்தான், அண்ணன்தான். அதுக்காக மரியாதை குடுக்க முடியுமா, அவன் பண்ணி வச்ச காரியத்துக்கு?

எனக்குத் தொழில் பிரேக். இந்தப் பக்கத்துல கார் வச்சிருக்கிறவங்களுக்கு நான் பிரேக் அக்கா. பந்தயத் தடத்தை ஒரு நாளைக்கு எடுத்துக்கிட்டு, சொந்தக் காரைக் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிப் பார்க்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு. டிராக் டேன்னு சொல்லிக்குவாங்க. அவங்க வந்து நின்னதுமே, "இருக்கிறதுலயே நல்ல பேடா குடுங்கக்கா"ம்பாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறும். நல்ல பேட்னு தனியா ஒண்ணு கிடையாதுப்பா. பேட்னா சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கைக் கவ்வுற கட்டை. கவ்வும்போது தன் மேல்தோலைக் கொஞ்சம் அதுமேல பூசி வைக்கும். அந்தப் பூச்சுலதான் பிடிமானமே இருக்கு. வேற ரகம் பேட் போட்டா டிஸ்க்கையும் மாத்தணும், இல்லேன்னா பழைய பூச்சைச் சுத்தமா தேய்ச்சு எடுக்கணும். அப்புறம் ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா சூடேத்திப் பழக்கணும். அதுவும் பந்தய பேட் இருக்கே, சூடு ஏறினாத்தான் பிடிக்கும். அதுவரைக்கும் அது வெறும் கல்லு.

இதையெல்லாம் அண்ணனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! செவிடன் காதுல ஊதின சங்கு. தினமும் வேலைக்குப் போகும்போது ஓட்டின பழைய பேடோட பூச்சு அப்படியே இருக்கிற டிஸ்க் மேல, புதுப் பந்தய பேடை வீட்டு வாசல்லயே மாட்டிக்கிட்டான். பழக்கவும் இல்ல. பனி விழுந்து தடம் குளிர்ந்து கிடந்த காலை. முதல் சுத்து. நீளமான நேர் பாதை முடியற இடத்துல கார் திரும்பவே இல்ல. நேரா சுவருக்குப் போயிடுச்சு.

நசுங்கின காரைப் பழைய இரும்புக்குப் போட்டாங்க. நான்தான் அந்த டிஸ்க்கையும் பேடையும் கழட்டி எடுத்துட்டு வந்தேன். எதுக்குன்னு கேட்டா இன்னைக்கும் எனக்குப் பதில் தெரியாது. வெளியே லாரி போனா அந்த டிஸ்க் ரெண்டும் ஆணியில லேசா அதிர்ந்து, ம்ம்ம்னு ஒரு சத்தம் போடும். அண்ணி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தா அந்தச் சுவத்துக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாங்க.

அண்ணியைப் பத்திச் சொல்லணும். துணிக்கடையில வேலை, புடவைப் பிரிவு. அண்ணன் போனப்புறம் ஒரு சமயம் திடீர்னு லீவு போட்டு வீட்டுலயே கிடந்தாங்க. உடம்புக்கு என்னன்னு பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவங்க முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போய்த் தொலையுதுன்னு நான் எழுந்திரிக்கும்போதுதான் வாயைத் திறந்தாங்க.

அண்ணன் செத்த அன்னைக்குக் காலையில அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். அதுக்கு முன்னாடி பல நாளாவே இல்லையாம். வீடுன்னா சண்டை வரும், இவங்க வீட்டுல சண்டைகூட வராம மௌனம் வந்து உட்கார்ந்துடுச்சு. இருந்தாலும் தடத்துக்குக் கூடவே போயிருக்காங்க. ஓட்டுறவன் தலைக்கவசத்துல மைக் இருக்கும், ஓரத்துல நிக்கிறவங்க ஹெட்செட் மாட்டிக்கிட்டுப் பேசலாம். அண்ணி அதை வாங்கி மாட்டிக்கிட்டு, வீட்டுல கேட்க முடியாததை அங்கே கேட்டிருக்காங்க. என்னை இன்னும் உங்களுக்குப் பிடிக்குதா, இல்லையா?

கொஞ்ச நேரம் காத்துச் சத்தம்தானாம். அப்புறம் அண்ணன் குரல். "பிடிக்கல." உடனே அந்தச் சத்தம்.

கேட்கிற நேரமா அண்ணி அதுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன். அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, அது பிரேக்கைச் சொன்னதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். பேட், பூச்சு, குளிர், எல்லாத்தையும் சொன்னேன். அண்ணி பொறுமையா கேட்டுட்டு, "நீ அவரோட தங்கச்சி. வேற என்ன சொல்லுவே?"ன்னாங்க.

அந்த வார்த்தை அவங்களை விடவே இல்ல. யோசிச்சுப் பாருங்க, துணிக்கடை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு புடவையா விரிச்சுக் காட்டுறாங்க, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க என்ன சொல்லுவாங்க? கலர் பிடிக்கல. கரை பிடிக்கல. இது பிடிக்கல, வேற காட்டுங்க. அண்ணிக்கு ஒவ்வொரு தடவையும் அது அவர் குரல்லயே கேட்டிருக்கு. ஒரு நாள் ஒரு பொம்பளை முந்தானையைத் தள்ளிவிட்டு அதைச் சொன்னதும், கையில விரிச்ச புடவையோட அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் அந்த லீவு.

லீவு முடியறதுக்குள்ள நேரா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாங்க. அன்னைக்கு முதல் தடவையா அந்தச் சுவத்தைப் பார்த்து நின்னாங்க. அடுத்த டிராக் டேக்குப் பேர் குடுத்திருக்காங்களாம். உன் காரும் அதே மாடல்தானே, அந்த டிஸ்க்கையும் பேடையும் அதுல மாட்டிக் குடுன்னாங்க. அதே நேர் பாதையில, அதே வேகத்துல, அதே இடத்துல மிதிச்சுப் பார்க்கணுமாம். பிரேக் பிடிச்சுதுன்னா அவர் சொன்னது தன்னைத்தான்னு ஆயிடுமாம்.

"பிடிக்கலேன்னா?"ன்னு கேட்டேன்.

"பிடிக்கலேன்னா நிம்மதி."

கத்தினேன். கையில இருந்த ஸ்பேனரை விட்டெறிஞ்சேன், அது எங்கேயோ போய் விழுந்தது. வெளியே ஒரு லாரி போச்சு, டிஸ்க் ரெண்டும் ம்ம்ம்னுச்சு. அண்ணி அசையவே இல்ல. நீ மாட்டலேன்னா வேற யாராவது வேற எதையாவது மாட்டுவாங்கன்னாங்க. ஒரு முடிவுக்கு வந்தவங்க குரல் எனக்குத் தெரியும், அதுல ஏத்த இறக்கமே இருக்காது. நாளைக்கு இவங்களையும் தூக்கிக் குடுத்துட்டு நான் சுவத்துல எதை மாட்டி வைக்கிறது?

கடைசியில பேரம் பேசினேன். மாட்டித் தரேன். ஆனா தடத்துல இல்ல, தடத்துக்குப் பின்னாடி லாரியில கார் ஏத்தி இறக்குற காலிப் பாதையில. நான் பக்கத்துல உட்காருவேன். நான் சொல்ற வேகத்துக்கு மேல போகக்கூடாது. அதுலயும் மனசு ஆறலேன்னா அப்புறம் உங்க இஷ்டம்னேன். சரின்னாங்க.

டிஸ்க்கை இறக்கி, விரிசல் இருக்கான்னு சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினேன். விரிசல் விட்டிருந்தா சத்தம் செத்துப்போய் வரும். இது மணியா ஒலிச்சது, ரொம்ப நேரம் நிக்கவே இல்ல. எங்க அம்மா கூப்பிட்டா அவனும் இப்படித்தான் "வரேன்ன்ன்"னு இழுப்பான். எனக்கு அழுகை வந்துடுச்சு. அழுதுக்கிட்டேதான் நாலு போல்ட்டையும் முறுக்கினேன்.

பனி இறங்கின காலையாப் பார்த்துப் போனோம். தடத்துக் காவலாளி கேட்டைத் திறந்துவிட்டுட்டுத் தன் அறைக்குள்ள போயிட்டார். பாதை முடியற இடத்துல ரெண்டு ஆரஞ்சுக் கூம்பு வச்சேன். அதுக்கு அப்புறமும் வெறும் புல்தரைதான், சுவர் கிடையாது. பின் சக்கரத்துக்குக் கைப்பிரேக் இருக்கு. அதுல என் கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன்.

அண்ணி கிளப்பினாங்க. நல்லாத்தான் ஓட்டினாங்க, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல, கண்ணு கூம்பு மேல. கண்ணாடியில ஆவி படிஞ்சிருந்தது. வண்டிக்குள்ள நாங்க ரெண்டு பேர்தான், ஆனா அப்படித் தோணவே இல்ல. பின்சீட்டைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரல.

நான் சொன்ன வேகம் வந்தது. கூம்பு கிட்ட வந்தது. அண்ணி காலைத் தூக்கிப் பிரேக்குக்குக் கொண்டுபோன அந்த நொடியில நான் கேட்டேன்.

"அண்ணி, எங்க அண்ணனை உங்களுக்கு இன்னும் பிடிக்குதா, இல்லையா?"

அவங்க மிதிச்சாங்க. பெடல் கல்லா நின்னுச்சு. வண்டி எதையும் கேட்டுக்காம போய்க்கிட்டே இருந்தது.

"பிடிக்கல!"

கூம்பு ரெண்டும் பறந்தது. நான் கைப்பிரேக்கை இழுத்தேன். பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடி, புல்லுல இறங்கி நின்னோம். இன்ஜின் அணைஞ்சு போச்சு. அண்ணி இன்னும் பெடலை மிதிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம்தான் தன் வாயில இருந்து வந்தது என்னன்னு அவங்களுக்கே கேட்டிருக்கணும். முகம் வெளுத்துப் போய் என் பக்கம் திரும்பினாங்க.

"நான் அதைச் சொல்லல. நீ கேட்டதுக்குச் சொல்லல நான்."

"அவனும் சொல்லல, அண்ணி."

எவ்வளவு நேரம் அழுதாங்கன்னு தெரியாது. நானும்தான் அழுதேன். திட்டிக்கிட்டே அழுதேன், முட்டாளே, முட்டாளேன்னு அவனைத்தான். அண்ணி இடையில அழுகையோடயே சிரிச்சாங்க. உன் வாய்க்குப் பயந்துதான் அவர் உன்கிட்டச் சொல்லாம மாட்டியிருப்பார்னாங்க. இருக்கும். யார் கண்டா.

அப்புறம் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தாங்க.

"அப்போ நான் கேட்டதுக்கு அவர் பதிலே சொல்லல."

இதை நான் யோசிக்கவே இல்ல. அந்தக் கேள்வி போன இடம் தெரியாம அந்தப் பாதை மேலேயே நின்னுக்கிட்டிருந்த மாதிரி இருந்தது. அவன் காதுல விழுந்துச்சா, விழலையா, அதுகூட யாருக்கும் தெரியாது.

அண்ணி வண்டியைத் திரும்பக் கிளப்பினாங்க. எதுக்குன்னு கேட்டேன். நீதானே சூடேத்திப் பழக்கணும்னு சொல்லுவேன்னாங்க. பாதையோட அந்த முனைக்கும் இந்த முனைக்கும் போனோம், வந்தோம். ஒவ்வொரு முனையிலயும் மிதிச்சாங்க. முதல்ல இழுத்துக்கிட்டே போன வண்டி போகப் போகச் சீக்கிரமா நிக்க ஆரம்பிச்சது. சூடான பேட் வாசனை வண்டிக்குள்ள ஏறுச்சு. டிராக் முடிச்சு வீட்டுக்கு வர்ற அண்ணன் சட்டையில அடிக்கிற அதே வாசனை. அண்ணி ஜன்னலை இறக்கல.

கடைசி ஓட்டத்துல மிதிச்சதும் வண்டி தரையைக் கவ்வி நின்னுச்சு, சீட் பெல்ட் நெஞ்சை அழுத்துச்சு. அண்ணி காலை எடுக்காம, எதிர்ல இருந்த வெறும் பாதையைப் பார்த்துக்கிட்டு, பக்கத்துல இருக்கிறவங்ககிட்டப் பேசற குரல்ல சொன்னாங்க.

"பிடிக்குது."

நான் கைப்பிரேக்கில இருந்து கையை எடுத்தேன்.