பெயர் சொல்லாத ஜெபம்

ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று சபைச் செயலாளரான அவளுக்கு உறைத்தது. புதன்கிழமை ஜெபக்கூட்டம். சபையே 'அல்லேலூயா அத்தை' என்று அழைக்கும் அம்மாள் எழுந்து, "ஆண்டவரே, எங்க வயசானவங்கள வேன்ல ஏத்திட்டு வர்ற கைகளை மதுவோட பிடியிலிருந்து விடுவியும்" என்று உருகினாள். முப்பது தொண்டைகள் ஆமென் என்றன. பின்வரிசையிலிருந்து வந்த கனத்த ஆமென், வேன் ஓட்டுபவருடையது. பாதியைக் காதில் வாங்காமல் பழக்கத்தில் சொல்லியிருப்பார். சபைக்கு ஒரே வேன். ஓட்டுவதும் அவர் ஒருவர்தான்.

அவள் செயலாளராகி ஆறு மாதம் ஆகிறது. பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பெயர் ஒட்டாத ரத்த மாதிரிக் குழாய் வந்தால் தொடமாட்டாள். வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள். குற்றம் சொல்வதற்கும் வேதத்தில் வழி இருக்கிறது. முதலில் தனியாகப் போய்த் தவறு செய்தவனிடமே சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சபை அதற்கும் பிறகுதான். இங்கே எடுத்த எடுப்பில் கடைசிப் படியில் ஏறி நின்றாயிற்று, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

மறுநாள் அத்தை வீட்டுக்குப் போனாள். தான் செய்வதாவது முறையா என்ற சந்தேகம் வாசல்வரை கூடவே வந்தது.

"அவர்கிட்ட முதல்ல தனியா பேசியிருக்கலாமே அத்தை?"

"நான் யார் பேரையாவது சொன்னேனா? கர்த்தர்கிட்டதானேடி சொன்னேன். அதுக்கும் செயலாளரம்மாகிட்ட கையெழுத்து வாங்கணுமா?"

"அவர் குடிச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"பாரம் வந்துச்சு. மனசுல பாரம் வந்தா ஜெபிக்கணும். கேள்வி கேக்கக் கூடாது."

சனிக்கிழமை கமிட்டிக்கு வேன் ஓட்டுபவரே வந்தார். சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டிருந்தார். வாரநாட்களில் அவர் சபையின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது.

"அந்த ஜெபத்தைக் கேள்விப்பட்டு நேத்து ஸ்கூல்ல பஸ் சாவியை வாங்கிட்டாங்க. சபை ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாங்கறாங்க. நான் குடிக்கிறேனா இல்லையான்னு விசாரிச்சுச் சொல்லிடுங்கய்யா."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு மூணு சாட்சி இல்லாம எதையும் ஏத்துக்கக் கூடாதுன்னு வேதம் சொல்லுது பிரதர். நாங்க ஏத்துக்கவே இல்ல. உங்க மேல புகாரே கிடையாது."

"அப்ப நான் குடிக்கலன்னு நாளைக்கு ஆராதனையில சொல்லுங்க."

"யாருமே சொல்லாத ஒண்ணை இல்லைன்னு எப்படிச் சொல்றது? தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சு போயிடுமே."

"நானும்ல ஆமென் சொல்லிட்டேன். அதைத் திருப்பி வாங்க ஏதாவது வழி இருக்கா?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அவர் அவளைத்தான் பார்த்தார். எந்த விதியைச் சொல்வது? அவளுக்குத் தெரிந்த விதிகளெல்லாம் போதகர் பக்கம் நின்றன. நடவடிக்கைக் குறிப்பில், 'புகார் எதுவும் வரவில்லை' என்று எழுதினாள். ஒரு எழுத்தும் பொய்யில்லை. பெயரில்லாத குழாயைத் திருப்பி அனுப்பியாயிற்று. ஆள் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "நாளைக்கு வாடகைக் கார்ல போகலாம்மா" என்றாள்.

"ஏன்டி? வேன்ல அவன் எவ்வளவு பக்குவமா இறக்கி விடுவான்."

"இந்த ஒரு வாரம் மட்டும்."

அவர் குடிப்பார் என்பதை அவள் நம்பவில்லை. வேன் வரும் வழியிலிருக்கும் பெரிய வளைவு மட்டும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

ஞாயிறு காலை ஆலய வாசலில் கார் நின்றது. இருக்கை உயரம், அம்மாவின் கால் தரையைத் தேடி அந்தரத்தில் ஆடியது. பின்னாலேயே வேன் வந்து நின்றது. இருக்கையுறைகள் துவைத்துப் போட்டிருந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. அவர் இறங்கி அந்தக் காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வேனுக்குள் குனிந்து, முதியவர்கள் கால் வைத்து இறங்கும் மரமணையை எடுத்துவந்து கார்க்கதவின் கீழே போட்டார்.

"வலது கால் முதல்ல" என்று அம்மாவின் முழங்கையைத் தாங்கினார்.

மறுபக்கம் பிடிக்கக் குனிந்த அவள், தன் மூக்கு காற்றை இழுப்பதை உணர்ந்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. நிமிர்ந்தபோது அவர் அவளையே பார்த்தபடி உதடுகளை இறுக்கி மூடியிருந்தார். அம்மாவின் இரண்டு கால்களும் தரையைத் தொடும்வரை அவர் மூச்சு விடவில்லை.