பார்க்காமல் விட்ட சட்டைப்பை

...பதினோரு வருடத்தில் பையைத் தடவிப் பார்க்காமல் ஒரு துணியைக்கூட மெஷினுக்குள் போட்டதில்லை, டாக்டர் கோட்டில் பேனா, நோயாளி சட்டையில் மாத்திரை, ஒருமுறை யாருடைய பல்செட்டோ, எல்லாம் இந்தக் கைக்கு அகப்பட்டிருக்கின்றன, தன் சட்டைப்பை மட்டும் எப்படித் தப்பியது? மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவனுக்குப் பெயரே பாக்கெட்காரன். பெரிய பாக்கெட்காரன்... விசாரணையில் பத்து நிமிட இடைவேளை, அறைக்கு வெளியே தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அடுத்த நாற்காலியில் இஸ்திரி அக்கா, கைக்குட்டையை நான்காக மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக. சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாள் வரவில்லையாம், அதுதான் அவள்மேல் குற்றச்சாட்டு, உறுதியானால் வேலை போய்விடும். சொல்லாமல் கொள்ளாமலா? இவனிடம் சொல்லிவிட்டுத்தானே போனாள். புருஷன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்று போன் வந்ததும், துணிக்கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து லீவு எழுதி, "மேனேஜர்கிட்ட குடுத்துடு தம்பி" என்று இவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பையில் போட்டான். ஷிப்ட் முடிந்ததும் சீருடையைக் கழற்றி அப்படியே மெஷினில் போட்டான். மறுநாள் பையிலிருந்து வந்தது மென்று துப்பிய மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி. அப்போதே போய்ச் சொல்லியிருந்தால் தலையா போயிருக்கும்? அக்கா போனில் கேட்டாள், "குடுத்துட்டியாப்பா?" "குடுத்துட்டேன்க்கா." வாய் கூசாமல் வந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் நோட்டீஸே வந்துவிட்டது. புது இஸ்திரி மெஷின் வந்ததிலிருந்து ஆளைக் குறைக்கச் சாக்கு தேடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சாக்கை எடுத்துக் கொடுத்தது இவன்.

விசாரணையில் தனக்குத் துணையாக உட்கார்ந்து பேச ஒரு சக ஊழியரை அழைத்துவரச் சட்டத்தில் இடம் உண்டு. மேஜையைத் தட்டிப் பேசுகிற சங்கத்துக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, அக்கா இவனையல்லவா கேட்டாள்... ஏன் கேட்டாள்? விசாரணை அதிகாரி முதலிலேயே படித்துக் காட்டினார், துணைக்கு வந்தவர் என்ன பேசினாலும் அதற்காக அவர்மேல் நடவடிக்கை கிடையாது என்று. அப்படியும் இவன் வாயில் கொழுக்கட்டைதான். "லெட்டரே வரல சார், சும்மா பொய்" என்றார் மேனேஜர். "குடுத்தனுப்பிச்சேன்" என்றாள் அக்கா. "யாருகிட்ட?" என்றார் அதிகாரி. அவள் தரையைப் பார்த்தாள், இவன் பெயரைச் சொல்லவில்லை, பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இவன் மேஜைமேல் இருந்த டீயைக் குடித்தான். குடித்தானே, முழுசாக, சூடு ஆறுமுன்னே! தூ...

கைக்குட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா மெதுவாகச் சொன்னாள். "உள்ள போனா நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன். ரெண்டு பேர் வேலையும் போக வேணாம்."

அப்பாடா என்றிருந்தது. நிஜமாகவே நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது, இறங்கியதை உணர்ந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று, அப்பாடாவா, வெட்கங்கெட்டவனே, அவள் குடும்பம் தெருவில் நிற்கப்போகிறது, உனக்கு அப்பாடாவா... ஆனால், ரெண்டு பேர் வேலையுமா? துணைக்கு வந்தவனுக்கு ஆபத்தில்லை என்று அதிகாரி படித்ததை அவளும்தானே கேட்டாள், தலையைக்கூட ஆட்டினாளே. அப்புறம் வேறு எதற்காக இவன் வேலை போகும்?

கதவு திறந்தது. "வாங்க" என்று ஒரு குரல். அக்கா கைக்குட்டையைக் கடைசியாக ஒருமுறை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் லெட்டரைக் குடுக்கலன்னு எத்தனை நாளாத் தெரியும்க்கா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. அவள் பின்னாலேயே உள்ளே போனான்.