புருவத்துத் தழும்பு

பதுளைக் கடைத்தெரு மாடியில் நடந்த அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பில், கோரல் ட்ரோ என்ற படம் வரையும் மென்பொருளைப் படித்து முடிப்பவர்கள் கடைசியில் ஒரு தாள் வடிவமைத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் பேக்கரிக்கும் சலூனுக்கும் விளம்பரம் செய்தார்கள். விஜயலெட்சுமி, அண்ணனுக்கு முதலாம் ஆண்டு நினைவுத்தாள் செய்கிறேன் என்றாள்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்யும் குடும்பம் அவர்களுடையது. போன மார்கழி மழையில் மண் சரிந்து, லயத்து வரிசை வீடுகளோடு அண்ணன் புவனேந்திரனையும் கொண்டுபோனது. வீட்டிலிருந்த போட்டோக்களும் சேற்றுக்குள் போயின. மிஞ்சியது, திருவிழாவில் யாரோ எடுத்த படம் ஒன்றுதான். கூட்டத்துக்குள் அவன் முகம் பயறளவு தெரிந்தது.

"திதிக்கு அண்ணன் மொகத்த வச்சிக் கும்புடணும், புள்ள" என்றாள் அம்மா பெரியாயி. வேறெதையும் அவள் கேட்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கினால் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. கோடாக வரைந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்று வகுப்பு நடத்தும் ஸமீம் சேர் சொல்லியிருந்தார். அந்தச் சதுரங்களின் மேலேயே மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்து, கோடிழுத்து வளைத்தாள்.

"என்ன விஜி, தையல் மெஷினா ஓட்டுறீங்க?" என்று பக்கத்திலிருந்த லரீபா சிரித்தாள்.

"இவ்வளவு புள்ளி என்னத்துக்கு மகள்? தாடைக்கு மூணு போதும்" என்றார் சேர்.

தாடையில் குறைத்தாள். புருவத்தில் குறைக்க மனம் வரவில்லை. தேயிலை கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்ட தழும்பு அங்கே இருந்தது. அதற்கு மட்டும் பதினொரு புள்ளி வைத்தாள்.

கடைசி நாள் சேர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "மொகம் தாளுக்கு வெளியால பாக்குது. எழுத்துப் பக்கம் திருப்புங்க. இல்லாட்டி மார்க்ஸ் வெட்டுவேன்."

படத்தை இடம் வலமாகத் திருப்புவதற்கு ஒரே ஒரு பட்டன். அழுத்தியதும் அண்ணன் சட்டென்று மறுபக்கம் பார்த்தான்.

அன்று மாலை, இப்போது அவர்கள் இருந்த தகரக் கொட்டகை வாசலில் அம்மா தாளை வாங்கினாள். எழுத்து தெரியாதவள், முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ளதான். ஆனா தண்ணியில பாத்த மாதிரி இருக்கான்."

"எப்பிடிம்மா?"

"எதுக்க நின்னு எண்ண தடவுனவ நானு. காயம் எனக்கு இந்தக் கைப் பக்கமில்ல இருக்கும்?" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்து, "சரி விடு, நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

விஜயலெட்சுமி தாளை வாங்கிப் புருவத்தைப் பார்த்தாள். பதினொரு புள்ளியையும் வைத்தவள் அவள். எந்தப் புருவம் என்பது ஒரு வருஷத்துக்குள் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போய் அதே பட்டனை அழுத்தினாள்.

"மார்க்ஸ் போகும் மகள்."

"போகட்டும் சேர்."

திதியன்று முகம் எழுத்துக்குப் புறங்காட்டி, தாளுக்கு வெளியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா எதிரே நின்று வலது கையை நீட்டினாள். விரலில் எண்ணெய் இருந்தது. புருவம் இருந்த இடத்தில் காகிதம் மெல்ல ஊறியது.