சின்னு பிடித்த பூச்சி

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் கணவனும் மனைவியும் ஒரே அறையில்தான் வேலை பார்த்தார்கள். அவர் அந்துப்பூச்சிகளை இனம் பிரித்துப் பெயர் எழுதுவார். அவள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதற்கு வேண்டியதை அறுத்துத் தயார் செய்வாள். கல்யாண வீட்டில் சொந்தக்காரர் முகம் தெரியாமல் முழிக்கிற மனுஷன், அச்சில் வார்த்தது போலிருக்கும் இரண்டு பூச்சிகளைக் காட்டினால் இது வேறு, அது வேறு என்று டக்கென்று சொல்லிவிடுவார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டலடிப்பார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், சின்னு. நோயில் படுப்பதற்கு முந்தைய மழைக்காலத்தில், சமையலறை ஜன்னலில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியை டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து அப்பாவிடம் கொண்டுவந்தாள். பார்ப்பதற்கு, தெருவிளக்கைச் சுற்றும் சாதாரணப் பழுப்புப் பூச்சிதான். ஆனால் இறக்கையின் குறுக்கே ஓடும் சாம்பல் கோடு இதில் நடுவே வளைந்திருந்தது. புது இனமாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அதற்கு உன் பெயரைத்தான் வைக்கப்போகிறேன் என்று மகளிடம் சொன்னார். பிள்ளைக்கு வாயெல்லாம் பல். அந்தக் கட்டிலிலிருந்து அவள் எழுந்து வரவில்லை.

அதன்பிறகு அவருக்கு அந்தப் பூச்சியே கதியென்று ஆனது. இன்னொன்று கிடைக்குமா என்று மழைக்கு மழை விளக்குக் கட்டித் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. புது இனம் என்று கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். இறக்கைக் கோட்டை மட்டும் வைத்து ஏற்க முடியாது, வயிற்று நுனிக்குள் இனத்துக்கு இனம் மாறும் கொக்கியையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு வயிற்றை ஒடித்தெடுக்க வேண்டும். மனசு வராமல் வெகுகாலம் தள்ளிப்போட்டவர், ஒரு நாள் காலையில் பெட்டியைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார்.

"நீயே பண்ணு. வேற யார் கையும் அதுமேல படக் கூடாது" என்றவர் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

எத்தனையோ பூச்சிகளை ஒடித்த கைதான், அன்று இடுக்கியை இரண்டு தடவை எடுத்துத் திரும்ப வைத்தது. வயிறு சருகு போலக் கழன்று வந்தது. அதைக் காரக் கரைசலில் ஊறவைத்து, செதில்களைத் தூரிகையால் ஒதுக்கி, கண்ணாடிச் சில்லில் வைத்துக் குனிந்தாள். கொக்கியின் நுனியில் ஒற்றை முள். சாதாரணப் பழுப்புப் பூச்சிக்கு இருக்கிற அதே முள். அந்தச் சாதாரணப் பூச்சியின் பழைய சில்லு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. மனுஷருக்கு மச்சம் மாதிரி, அந்த ஒரு பூச்சிக்கு அந்த வளைவு. அவ்வளவுதான்.

கட்டுரைக்கு முள் இரண்டு என்று வரைந்து கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் என்றைக்காவது எவனாவது இதே சில்லை எடுத்துப் பார்ப்பான். இது தனி இனமே இல்லை என்று சின்னுவின் பெயரை அடித்துவிட்டுப் போவான். பிள்ளையை இன்னொரு தடவை பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

வராந்தாவுக்குப் போனாள். அவர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"அதேதாங்க."

அவர் உள்ளே வந்து தானே பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அவகிட்ட சொல்லிட்டேனே. இப்ப போய் என்னன்னு சொல்லுவேன்?"

"நான் சொல்லிக்கிறேன்" என்றாள் அவள். அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. அவர் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவரே பூச்சியோடு குத்தி வைக்கும் சீட்டை எழுத உட்கார்ந்தார். சாதாரணப் பூச்சியின் பெயரை எழுதினார். பிடித்தவர் என்ற இடத்தில் பேனா ஓடவில்லை. அவள் வாங்கி, பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த சின்னுவின் முழுப் பெயரை எழுதினாள்.

அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். அவள் பக்கத்து இருக்கையிலிருந்து அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.