புதன்கிழமை உப்பு

என் குரல் சின்னக் குரல் இல்லை. உப்பளத்தில் இந்த வரப்பில் நின்று நான் கூப்பிட்டால் கடைசிப் பாத்தியில் இருப்பவள் திரும்பிப் பார்ப்பாள். மேஸ்திரியோடு நான் போட்ட சண்டை மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரு தெருவில் வண்டியை நிறுத்தி, "உப்பு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் பத்து நாள் ஊமையாகத் திரிந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

என் பேர் சகாயசெல்வி. புருஷன் அந்தோணிராஜ் காய்ச்சலில் போனபோது மகள் பூவிழிக்கு இரண்டு வயசு. சுனாமி வந்தபோது நாலரை. தண்ணீர் குடிசையைக் கொண்டு போயிற்று. பிள்ளையை நான் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடல் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். எங்களைக் குடிவைத்த தகரக் கொட்டகைக்கு அலைச்சத்தம் ஓயாமல் வரும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய முதலியார்சாவடியில், ரோட்டுக்கு மேற்கே நன்றாகத் தள்ளி, என் அக்கா சவரியம்மாள் வீடு. பிள்ளை இல்லாத வீடு. "ஒரு வாரம் வச்சிருக்கா" என்று விட்டுவிட்டு வந்தேன். அந்த ஒரு வாரம் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

மாசத்துக்கு ஒரு தடவை பிஸ்கட் பாக்கெட்டோடு போவேன். பிள்ளை கன்னத்தில் சதை வைத்து, தலை பின்னி, பவுடர் போட்டுக்கொண்டு இருப்பாள். "சாப்டியாம்மா?" என்பேன். "சாப்ட்டேன்." அவ்வளவுதான். 'வீட்டுக்கு வர்றியா' என்று கேட்க ஆசை நெஞ்சு வரைக்கும் வரும், வாய்க்கு வராது. வேணாம் என்று சொல்லிவிட்டால்? அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நான் எந்த பஸ்ஸில் ஏறுவது? கேட்காமலே திரும்பி வருவேன். வழியெல்லாம் அவள் தலை எண்ணெய் வாசம் என் தோளில் இருக்கும். அதை முகர்ந்துகொண்டே ஊர் வந்து சேர்வேன்.

இந்த வருஷம் ஏப்ரலில் அக்கா சொன்னாள். "ஜூன்ல ஒண்ணாவது சேக்கணும் செல்வி. இங்கயே சேத்துடட்டுமா? மே முடியறதுக்குள்ள ஒரு முடிவா சொல்லு." அவள் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கொஞ்ச நாளைக்கு முன்புதான் ஊருக்குள் தள்ளி எங்களுக்குக் கல் வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீடு வந்துவிட்டது. ஆனால் விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவள், மழைக்காலத்தில் வேலையே இல்லாதவள், பிள்ளையை எப்படிப் பள்ளிக்கூடம் அனுப்புவாள்? அதனால்தான் வியாபாரம். மாதா கோயில் சங்கத்தில் ஒரு மூணு சக்கர வண்டி கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் எந்த முதலாளியின் பாத்தியில் உப்பு சுமந்தேனோ, அவரிடமே மூட்டை வாங்கி வண்டியில் ஏற்றினேன்.

முதல் நாள் ஒரு தெருவுக்குள் நுழைந்தேன். கதவுகள் சாத்தி இருந்தன. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூலி கேட்டுச் சண்டை போடுவது வேறு. அது செய்த வேலைக்கு. இது அப்படி இல்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாக வந்து வாசலில் நிற்கிறேன். போ என்று சொன்னால் போக வேண்டியதுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தத் தெருவை முடித்தேன், அடுத்ததையும் முடித்தேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஒரு அம்மா கதவைத் திறந்து, "பழைய பேப்பர் எடுக்கிறியா?" என்றார்கள். சாக்கு மூட்டையைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. தலையை ஆட்டினேன். காசு கொடுத்து ஒரு கட்டுப் பேப்பரை வாங்கி உப்பு மேல் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உப்பு விக்கப் போனா மழை பெய்யும்னு கேட்டிருக்கேன். பேப்பர் சேரும்னு இப்பதான்டி பாக்குறேன்!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை போடி. வாசலுக்கு வந்த உப்ப வெள்ளிக்கிழமைல எங்க ஆளுங்க வேணாம்னு சொல்ல மாட்டாங்க. மகாலட்சுமிய தொரத்துன மாதிரி ஆயிடும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஆண்டவர் பாடுபட்ட நாள். அவர்களுக்கு லட்சுமி வருகிற நாள். யார் நாளாக இருந்தால் என்ன, போனேன். கூவக்கூட வேண்டியிருக்கவில்லை, வண்டியை வாசலில் நிறுத்தினாலே போதும். மஞ்சள் பூசின முகத்தோடு வந்து ஒரு படி வாங்கிக்கொண்டார்கள். மதியத்துக்குள் மூட்டை காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் போனேன். மற்ற நாளெல்லாம் வண்டிக்குக் கோணி போர்த்திவிட்டு அளத்து வேலைக்கே போனேன். ஆனாலும் வியாபாரி என்று நினைப்பு.

அந்த நினைப்பிலேயே இன்னொரு யோசனையும் வந்தது. பூவிழியை எதற்குக் கேட்க வேண்டும்? நான் பெற்றவள். ஒரு நாள் போய்த் துணிமணியை எடுத்துப் பையில் வைத்து, கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? அக்காவால் முடியாது. பிள்ளையாலும் முடியாது. இது நல்ல வழி என்று ரெண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மே மாசம் ஒரு சனிக்கிழமை. ரேஷன் கடைக்குப் போகும் வழியில், முந்தின நாள் என்னிடம் ஒரு படி வாங்கின வீட்டு வழியாகப் போனேன். அவர்கள் வீட்டுத் தென்னை மர அடியில் உப்பு கொட்டிக் கிடந்தது. என் உப்பு. என் பாத்தி உப்புக்கு லேசாக ஒரு சிவப்பு இருக்கும், எனக்குத் தெரியாதா? போன வாரத்து உப்பும் அதன் கீழே கரைந்து கிடந்தது. அந்த அம்மா வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப் போனார்கள். "நாங்க பாக்கெட் உப்புதாம்மா போடறது. வெள்ளிக்கிழமையா இருக்குதே, எப்படி வேணாம்னு சொல்றது?"

அவமானத்தில் காது சுட்டது. ரேஷன் கடைக்குப் போகாமல் திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுத பிறகுதான் புத்தி வந்தது. அவர்கள் வாங்கினார்கள், ஆனால் வேண்டும் என்று வாங்கவில்லை. வேணாம் என்று சொல்ல வழி விடாமல் கொடுத்தால், அது மர அடிக்குத்தான் போகும். அப்படியென்றால் பூவிழி? கையைப் பிடித்து இழுத்து வந்தால் உடம்பு என் வீட்டில் இருக்கும். பிள்ளை எங்கே இருப்பாள்?

திங்கட்கிழமை வண்டி மேலிருந்த கோணியை எடுத்தேன். தெருமுனையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "உப்பேய்!" என்றேன். ஒரு நாய் எழுந்து ஓடிற்று. முதல் வீட்டில் "வேணாம்மா" என்றார்கள். நான் செத்துப் போகவில்லை. "சரிங்க, அடுத்த வாரம் வர்றேன்" என்று என் வாய் தானாகச் சொன்னது. அடுத்த வீட்டிலும் வேணாம். அதற்கு அடுத்த வீட்டில், "மண்ணு இருக்குதா?" என்றார்கள். "கொஞ்சம் இருக்குதுங்க. அலசிப் போட்டா சரியாயிடும்" என்றேன். உண்மையைச் சொன்னதற்காகவோ என்னவோ, அரைப்படி வாங்கினார்கள். அன்றைக்கு எனக்குப் பதினேழு வேணாம் கிடைத்தது. அந்த அரைப்படி வீட்டுக்காரம்மா மட்டும், "ஊறுகா போடணும், மறுபடி வா" என்று பின்னால் கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்தச் சொல்லை ராத்திரி முழுக்க நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மறுநாளும் வேணாம் வாங்கினேன். அதற்கு மறுநாள் புதன்கிழமை. கூடையில் உப்பை அள்ளிக்கொண்டு பெரிய முதலியார்சாவடிக்கு பஸ் ஏறினேன். உப்பு எதற்கு என்றால், அது தலையில் இருந்தால்தான் எனக்கு வாய் வருகிறது. பிஸ்கட்டோடு போனால் நான் விருந்தாளி.

அக்கா தெருவில் நின்று கூவினேன். கதவு திறந்தது. பூவிழி ஓடி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் அக்கா, கையில் கரண்டியோடு.

"அம்மா உப்பு விக்கிறியா?"

"ஆமாம்மா. இப்ப அம்மா யாவாரி." கூடையை இறக்கி வைத்தேன். "நமக்குக் கல் வீடு குடுத்திருக்காங்க. அங்க இருந்து நடந்தே ஸ்கூலுக்குப் போகலாம். நீ எனக்கு வேணும் பூவிழி. வர்றியாம்மா?"

ஒன்றரை வருஷம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. அக்கா கரண்டியை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க கடல் கேக்குமா?"

கேட்காது என்று சொன்னால் இப்போதே வந்துவிடுவாள். என் வாய் வரைக்கும் வந்தது அந்தப் பொய்.

"கேக்கும்" என்றேன். "பகல்ல கேக்காது. ராத்திரி காத்து அடிச்சா கொஞ்சம் கேக்கும். அம்மா பக்கத்துலயே படுத்துக்கிறேன்."

அவள் அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இன்னிக்கு வேணாம்."

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பதினேழையும் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடில்லை. அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் கால் ஓடவில்லை, நின்றது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ரெண்டு வாரம் இருந்தது.

"சரிம்மா. அடுத்த வாரம் வர்றேன்" என்றேன்.

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துத் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் செருப்பில்லாத கால் ஓடி வரும் சத்தம். பாதி வழியில் நின்றுகொண்டு கத்தினாள், அச்சாக என் குரல்.

"இங்க உப்பு வெள்ளிக்கிழமைதான் வரும். நீயும் வெள்ளிக்கிழமையா வருவே?"

"இல்லம்மா. புதன்கிழமை."

"காலையிலயே வா. நான் குளிச்சிட்டு ரெடியா இருக்கேன்" என்றாள்.